தம்பி, நாய்க்கு நீ தொரை ஆகாதே

கொழும்புல கடையில நின்னு சேத்த காசுல அல்சேஷன் குட்டி வாங்கிட்டு வந்திருக்கியாம். லயத்துல பாதிச் சனம் நேத்து உன் வாசல்லதான் நின்னுச்சு. 'ரொக்கி'ன்னு பேரு வச்சிருக்கியாம். நல்ல பேருதான். நம்ம தோட்டத்துல இதோட ஏழாவது ரொக்கி. ஒருத்தன் கூப்பிட்டா ஏழும் திரும்பிப் பாக்கும், ஒண்ணும் வராது.

குட்டி குந்தச் சொன்னா குந்தல, கூப்பிட்டா வரலன்னு தேயிலை மிலாறுக் குச்சியைக் கையில எடுத்தியாமே? 'அடியாத மாடு படியாது'ன்னு உங்க அப்பன் வேற எடுத்துக் குடுத்தானாம். சரிதான். ஆனா நீ வாங்கிட்டு வந்தது மாடு இல்லையே தம்பி. 'அடிமேல் அடிச்சா அம்மியும் நகரும்'னு இன்னொண்ணும் சொல்லுவான். அம்மி நகரும், நாய் நகந்து பசறை ரோட்டுக்கே போயிரும்.

நாய் பழக்குற வித்தையை நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல. ஆனா கூலின்னா என்னன்னு எனக்குத் தெரியும். வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல நின்னே நரைச்ச தலை இது. பேத்தி ஊவா வெல்லஸ்ஸ கெம்பஸ்ல மிருக விஞ்ஞானம் படிக்கிறா. லீவுக்கு வந்தா பாடத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுவா. கேக்கக் கேக்கச் சிரிப்புத்தான் வரும். வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதெல்லாம் நம்ம சம்பளத் துண்டுல தலைகீழா எழுதியிருக்கு!

2016ல போட்ட கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா? 730 ரூபா நாட்சம்பளம்னு வெடி கொளுத்துனாங்க. பிரிச்சுப் பாத்தா அடிப்படை 500, வேலைக்கு வந்ததுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. ரொக்கிக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுப் பாரேன். குந்துனா ஒரு துண்டு. மாசத்துல முக்காவாசி நாள் தவறாமக் குந்துனா மாசக் கடைசியில இன்னொரு துண்டு. பக்கத்து லயத்து நாயை விட வேகமாக் குந்துனா மூணாவது. கொழும்பு தேயிலை ஏலத்துல விலை நல்லா இருந்தா நாலாவது. எந்த நாயாவது குந்துமா? குந்தாது. கணக்கப்பிள்ளையைத்தான் கடிக்கும்.

அதனால முதல் பாடம், கூலியை உடனே குடு. குட்டி குந்தி, அதோட பின்பக்கம் தரையில பட்டதும் வாயில துண்டு இருக்கணும். நீ சட்டைப்பையில தேடி, பையைப் பிரிச்சு, நாலு தரம் 'நல்ல பிள்ளை' சொல்லிக் குடுக்குறதுக்குள்ள அது எழும்பி, உன் சாரத்தைக் கடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கும். அப்பக் குடுத்தா சாரம் இழுத்ததுக்குத்தான் கூலின்னு நினைச்சுக்கும். நாளையில இருந்து சாரம் உன் பாடு.

கை எட்டாத தூரத்துல நாய் நின்னா? அதுக்கும் வழி இருக்கு. கேரன் பிரையர்னு ஒரு அம்மா, ஹவாயில டொல்பின் பழக்குனவங்க. தண்ணிக்குள்ள இருக்குற டொல்பின் கிட்ட ஓடிப்போய் மீன் ஊட்ட முடியாதுல்ல? சரியாச் செஞ்ச நொடியில விசில் ஊதுவாங்க, மீன் பின்னால வரும். 1984ல புத்தகம் எழுதி அந்த வித்தையை நாய்க்காரங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. நீ விசில் வாங்கப் பதுளை டவுனுக்கு ஓடாதே. நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கு, போதும். ஆனா முதல் ரெண்டு நாள் சொடுக்கு, துண்டு, சொடுக்கு, துண்டுன்னு பழக்கி வை. மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வச்ச பாவ்லோவ் கதையும் இதுதான். ஒரு தடவை சொடுக்கிட்டு ஏமாத்துனியோ, உன் சொடுக்கும் மேடைப் பேச்சும் ஒண்ணாயிரும்.

ரெண்டாவது, எதைக் குடுக்குறது? கடையில பளபளக்குற பையில விக்கிற பிஸ்கட்டுக்கு ஒருநாள் சம்பளத்தையே செலவழிக்காதே. கோழி ஈரலை உப்பு, தூள் போடாம அவிச்சு, அடுப்புக்கு மேல காய வச்சு, கடலைப் பருப்பு அளவுக்குக் கிள்ளி வை. நெத்தலிக் கருவாடுன்னா ரெண்டு தண்ணி மாத்தி உப்புப் போக ஊற வச்சுப் பிறகு வறட்டு. அளவு சின்னதா இருக்கணும். முழு ரொட்டியைத் தூக்கிப் போட்டா அது தின்னுட்டுத் தூங்கப் போயிரும், நீ யாருக்குப் பாடம் எடுப்ப? சாப்பாட்டுக்கு முன்னாடி பழக்கு. அதுக்காகப் பட்டினி போடாதே. வயிறு காஞ்சா யாருக்கும் புத்தி ஓடாது, நம்ம சனத்தைக் கேளு. வெங்காயம் போட்ட கறி, முந்திரிகை வத்தல், சொக்லட் மூணும் நாய்க்கு நஞ்சு. சமைச்ச கோழி எலும்பு சில்லாப் பிளந்து குடலைக் குத்தும். பாசத்துல குடுக்குறேன்னு கொன்னுடாதே.

லேசான வேலைக்கு லேசான கூலி, கஷ்டமான வேலைக்கு நல்ல கூலி. வீட்டுக்குள்ள குந்துறதுக்கு ரொட்டித் துண்டு போதும். கோழியைத் துரத்திக்கிட்டு ஓடுற நாய் நீ கூப்பிட்டதும் பாதி வழியில திரும்பி வந்தா, அதுக்கு ஈரல் குடு. செங்குத்து மலையில கொழுந்து எடுக்குறவளுக்கும் பங்களாத் தோட்டத்துல பூப் பறிக்கிறவனுக்கும் ஒரே விலைன்னா யாரு மலை ஏறுவா?

எல்லா நாய்க்கும் தீனிதான் கூலின்னு நினைச்சுராதே. சாமுவேல் பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரன் 1848ல நுவரெலியாவுல குடியேறி, வேட்டை நாய்க் கூட்டமே வச்சு ஹோட்டன் சமவெளி வரைக்கும் மரை வேட்டை ஆடுனான். பிறகு அதைப் புத்தகமாவும் எழுதுனான். அந்த நாய்ங்களுக்கு ஓட்டந்தான் போதை. உன் குட்டிக்கும் ஓட்டம் பிடிச்சா, குந்துனதும் ஒரு பந்தை உருட்டி விடு. மோப்பம் பிடிச்சா தேயிலைச் செடிக்கு நடுவுல ரெண்டு நிமிசம் மோந்துக்கிட்டுத் திரிய விடு. வந்ததும் அட்டையைப் பிடுங்கி விடு. அதுக்கு எது ஆசைன்னு அதுகிட்டத்தான் கேக்கணும், உன்கிட்ட இல்ல. தீபாவளிக்கு நமக்கு என்ன வேணும்னு கேக்காம பெட்ஷீட் குடுத்தவங்களை நீ பாத்ததில்லையா?

இன்னொரு சங்கதி. துண்டை முதல்லயே காட்டி 'வா வா'ன்னு கெஞ்சுறியே, அது கூலி இல்ல, லஞ்சம். தேர்தலுக்கு முன்னாடி கூரைத் தகரம் காட்டுற கணக்கு. தகரம் கண்ணுல படுற வரைக்குந்தான் கூட்டம் வரும். ஆரம்பத்துல வழி காட்ட ரெண்டு மூணு தரம் காட்டு, பிறகு பையில ஒளிச்சு வை. வேலை முதல்ல, கூலி பின்னால. பாடம் பிடிபட்ட பிறகு ஒவ்வொரு தரமும் குடுக்கவும் வேணாம். ஒரு தரம் குடு, ரெண்டு தரம் விடு, திடீர்னு பெரிய துண்டாக் குடு. லொத்தர் டிக்கட் எடுக்குறவன் தினமுமா விழுதுன்னு எடுக்குறான்? ஆனா ஒண்ணு: இது பாடம் படிச்ச நாய்க்கு. படிக்கும்போதே கையை இறுக்குனா அது கஞ்சத்தனம்.

அப்புறம் நியாயம். 2008ல வியன்னாவுல ரெண்டு ரெண்டு நாயாப் பக்கத்துல குந்த வச்சுக் கை குடுக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்குத் துண்டு குடுத்தாங்க, மத்ததுக்கு இல்ல. கொஞ்ச நேரத்துல கிடைக்காத நாய் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கை குடுக்குறதையே நிறுத்திருச்சு. கவனி, ஒண்ணுக்கு ரொட்டியும் மத்ததுக்கு சொசேஜும் குடுத்தப்ப அது சண்டை போடல. ஒண்ணுமே இல்லைங்கிறப்பத்தான் வேலைநிறுத்தம். சங்கமும் இல்ல, சந்தாவும் பிடிக்கல! அதனால உங்க வீட்டுல இருக்குற பழைய நாட்டு நாய் முன்னாடி ரொக்கிக்கு மட்டும் ஈரல் ஊட்டாதே. அதுக்கும் ஒரு வேலை சொல்லு, அதுக்கும் ஒரு துண்டு குடு.

அடி வேலை செய்யாதான்னு கேப்ப. செய்யும். நீ இருக்குற வரைக்கும். போர்த்துக்கல்ல 92 நாயை வச்சுப் பாத்து 2020ல எழுதியிருக்காங்களாம்: அடியும் அதட்டலும் போட்டுப் பழக்குன நாயோட எச்சிலைச் சோதிச்சா பதட்டத்துக்கான சுரப்பு கூடியிருக்கு, பழக்குற நேரத்துல அதுங்க உடம்பைச் சுருக்கிக் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்திருக்கு. நீ பண்ணுனது அதைவிட மோசம். அரை மணி நேரம் கூப்பிட்டு, கடைசியில வந்த குட்டியை 'ஏன்டா லேட்டு'ன்னு அடிச்சியாம். அது படிச்ச பாடம் என்ன தெரியுமா? வந்தா அடி, வராட்டி இல்ல. லேட்டா வந்தாலும் வந்ததுக்குக் கூலி குடு. அரைப்பேரு போட்டுப் பாதிக் கூலி வெட்டாதே.

அப்ப பாராட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. அமெரிக்காவுல எமோரி பல்கலைக்கழகத்துல 15 நாயை மூளை படம் பிடிக்கிற மெசினுக்குள்ள அசையாமப் படுக்க வச்சு, 2016ல முடிவு சொன்னாங்க. பெரும்பாலான நாய்க்கு எசமான் 'நல்ல பிள்ளை'ன்னு சொல்றது தீனிக்குச் சமம், சிலதுக்குத் தீனியை விடவும் மேல். ஆனா தம்பி, இதைத் தோட்டத்து ஆபீஸ் பக்கம் போய்ச் சொல்லித் தொலைச்சிராதே. அடுத்த ஒப்பந்தத்துல தலையைத் தடவி அனுப்பிருவாங்க.

நம்ம கூலிக் கதைக்கே வந்தா, 2026 பட்ஜெட்ல 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வர்றதுக்கு அரசாங்கம் 200 தரும்னு அறிவிச்சாங்க. மறுபடியும் வந்ததுக்குத் தனித் துண்டு. ரொக்கிக்குப் போட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் முடியல போல.

ராத்திரியில குட்டியை வெளியில கட்டிப் போடாதே. நம்ம மலைச் சிறுத்தைப் புலிக்கு நாய்க் கறின்னா உயிர். விசர்நாய் ஊசி போட்டியான்னும் பாத்துக்க. மத்தபடி பாடம் இவ்வளவுதான்: செஞ்ச உடனே குடு, சொன்னபடி குடு, அது ஆசைப்படுறதைக் குடு. மூணும் சேந்து நம்ம சனத்துக்கு ஒருநாளும் கிடைச்சதில்ல. நீ நாளைக்கு நாலு பேருக்குச் சம்பளம் குடுக்குற ஆளா வந்தாலும் இந்த மூணையும் மறந்துராதே.