குரங்குக் குட்டியா, பூனைக் குட்டியா? – வருமான வரித் துறைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வரி கட்ட வேண்டாதவரும், ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டியவருமான ஒரு பென்ஷன்தாரர்,
உத்தர வீதி, ஸ்ரீரங்கம், திருச்சி 620 006.

பெறுநர்:
வருமான வரித் துறை அவர்கள்.
(முகமற்ற மதிப்பீடு வந்த பிறகு யார் முகத்தைப் பார்த்து எழுதுவது என்று தெரியவில்லை.)

பொருள்: ரிட்டர்னை அடியேனே போடுவதா, ஆடிட்டரிடம் கொடுப்பதா – தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வருமான வரிச் சட்டம், 1961. 2. வருமான வரிச் சட்டம், 2025. (இரண்டையும் பார்வையிட்டதோடு சரி. படிக்கவில்லை.)

தேவரீருக்கு அடியேனின் விஞ்ஞாபனம்.

ஆனி பிறந்தால் எங்கள் ஊரில் இரண்டு காரியங்கள். பெருமாளுக்கு ஜ்யேஷ்டாபிஷேகம், பென்ஷன்தாரர்களுக்கு ரிட்டர்ன். முன்னதற்குக் காவிரித் தீர்த்தம் தங்கக் குடத்தில் யானைமேல் வரும். பின்னதற்கு வேர்வை மட்டும் வரும். காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் காலை நனைப்பதற்குள் பக்கத்துப் படியிலிருந்து கேள்வி வந்துவிடுகிறது: “என்ன ஓய், நீரே போடறீரா, ஆடிட்டர்ட்ட குடுத்தாச்சா?”

இதே கேள்வியை வேறு விஷயத்தில் எங்கள் ஊர் பல நூறு வருஷம் விவாதித்திருக்கிறது. ஜீவன் கரையேறத் தானும் முயல வேண்டுமா, பகவானே பார்த்துக்கொள்வானா? குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அது மர்க்கட நியாயம், வடகலையார் கட்சி. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. அது மார்ஜார நியாயம், தென்கலையார் கட்சி. ஜூலை வந்தால் இந்தக் கட்சிகள் கலைந்து வேறு மாதிரி சேர்கின்றன. நெற்றியில் எந்தத் திருமண் இருந்தாலும் சரி, சுயமாக ரிட்டர்ன் போடுகிறவர் குரங்குக் குட்டி, ஆடிட்டரிடம் சரணாகதி ஆனவர் பூனைக் குட்டி. அடியேன் எந்தக் குட்டி என்று தேவரீர்தான் அருளிச்செய்ய வேண்டும்.

முதலில் அடியேனின் ஜாதகம். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே கட்டிக் கொடுத்த பட்டறை அது. ஆகவே பொறியைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. பென்ஷன் ஏழு லட்சம், வட்டி மூன்று லட்சம். பென்ஷனில் நிலைக் கழிவு 75,000 போனால் மிச்சம் 9,25,000. புதிய முறையில் 2025-26 வருமானத்துக்கு நாலு லட்சம் வரை ஒன்றுமில்லை. அடுத்த நாலு லட்சத்துக்கு ஐந்து சதவீதம் 20,000, அதற்கு மேலுள்ள ஒன்றேகால் லட்சத்துக்குப் பத்து சதவீதம் 12,500. மொத்தம் 32,500 என்று படிவம் கண்ணை உருட்டும். அடுத்த வரியிலேயே, வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ பிரிவின்படி 32,500 தள்ளுபடி என்று சிரிக்கும். கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை அடியேன் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வருமானம் நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் போட வேண்டும். ஜூலை 31 தப்பினால் ஐயாயிரம் ரூபாய் தாமதக் கட்டணம். வரி இல்லாதவன், வரி இல்லை என்று சொல்லாமல் போனதற்கு ஐயாயிரம்! சொல்லித் தர ஆடிட்டரிடம் போனால் ஆயிரமோ இரண்டாயிரமோ ஃபீஸ். எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம் இலவசமாக வருவதில்லை.

சரி, குரங்குக் குட்டியாகவே இருந்து பார்ப்போம். தேவரீருக்குத் தெரியாத எதை அடியேன் சொல்லப் போகிறேன் என்பதுதான் முதல் சந்தேகம். 2021 நவம்பரில் ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கை வந்தது. பென்ஷன், வட்டி, டிவிடெண்ட், விற்ற மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் எல்லாம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்காரிக்கே சொல்லாத சேமிப்புக் கணக்கின் வட்டியும் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். பான் எண், பிறகு பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். கார்டில் பான் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். கோப்பைத் திறக்க மட்டும் அதைச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பெரிய எழுத்தில் நாலு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, “கெட்டுப்போச்சு போல இருக்கு” என்று மூடி வைக்கிற இடம் இதுதான்.

திறந்தவருக்கு அடுத்த பரீட்சை. ஒரே டெபாசிட்டின் வட்டி, டிடிஎஸ் பிடித்த கணக்கில் ஒரு தரமும் வங்கி அனுப்பிய தகவலில் இன்னொரு தரமும் தலைகாட்டுவதுண்டு. ‘இது இரட்டிப்பு’ என்று கருத்துச் சொல்லத் தேவரீர் வசதி வைத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இரட்டிப்பு எது, நிஜமாகவே இரண்டாவது டெபாசிட் எது என்று பாஸ்புக்கை விரித்துக் கண்டுபிடிக்கும் வேலை குட்டியுடையது.

எல்லாம் முடித்து வெரிஃபை செய்யச் சுலபமான வழி ஆதார் ஓடிபி. ஸ்ரீரங்கத்து ஆதார்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் போன் நம்பரோடு சேர்ந்திருக்குமோ என்று தோன்றுகிறது. ஓடிபி பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் பிள்ளைக்குப் போகும். அவன் வெளியே வந்து, “அப்பா, எதுக்கு ஓடிபி? யார் கேட்டாலும் குடுக்காதேன்னு சொன்னேனே!” என்று கோபித்துக்கொள்வதற்குள் நேரம் காலாவதி ஆகிவிடும்.

பெயர் சமாசாரம் இன்னும் ரசமானது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. எங்களுக்கு ஏது சுவாமி குடும்பப் பெயர்? உத்தர வீதியில் நின்று “ரங்கராஜா” என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இனிஷியல்தான் ஆளைப் பிரிக்கும். ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் அப்பா பெயரை எழுதியவர் உண்டு, தன் பெயரையே எழுதியவர் உண்டு. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா முழுசாகப் பின்னால், ஆதாரில் இரண்டும் ஒட்டிக்கொண்டு. ஒரே கிழவர் கணினிக்கு மூன்று பேராகத் தெரிகிறார். மூவரும் ஒருவரே என்று நிரூபணமானால்தான் வங்கிக் கணக்கு செல்லுபடியாகும், ரீஃபண்டும் வரும்.

அந்த ரீஃபண்டில் ஒரு சின்னத் தர்மசங்கடம். அடியேன் தேவரீருக்குப் பாக்கி வைத்தால் வட்டி மாதம் ஒரு சதவீதம். தேவரீர் அடியேனுக்குத் தர வேண்டியதற்கு மாதம் அரை சதவீதம். நிற்க.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு விசேஷம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடை கொடுத்து, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் கொண்டு வந்தீர்கள். ஐந்து லட்சத்துக்கு மேலிருந்த சொற்கள் ஏறக்குறைய பாதியாகின. 819 பிரிவுகள் 536 ஆகின. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது போடுகிற ரிட்டர்ன் போன வருஷத்து வருமானத்துக்கு என்பதால், அது விடைபெற்ற சட்டத்தின்படியே போக வேண்டும். பழைய சட்டத்தில் அதன் பெயர் மதிப்பீட்டாண்டு 2026-27. புதுச் சட்டத்தில் நடப்பு வருஷத்தின் பெயர் வரி ஆண்டு 2026-27. எண் ஒன்று, வருஷம் வேறு. சலானில் எந்த 2026-27-ஐத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது, யாராவது வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போனால் தேவலை என்று குரங்குக் குட்டிக்கே தோன்றிவிடுகிறது.

ஆகவே பூனைக் குட்டி மார்க்கம்.

ஜூலையில் தில்லைநகர்ப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். ஜவுளிக்கடைப் பைகளில் பாஸ்புக்கும் ஃபாரம் 16-ம் சுமந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஆர்ட்டிகிள் பையன்கள் சாப்பாட்டை மறந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் ஜூலை 31-ஐ செப்டம்பர் 15-க்குத் தள்ளினீர்கள். அந்தக் கடைசி ராத்திரியில் இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்து 16 ஆக்கினீர்கள். அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் தமிழ்நாட்டு ஆடிட்டர் ஆபீஸ்களில் என்னென்ன வார்த்தைகள் உதிர்ந்தன என்பதை இந்த விண்ணப்பத்தில் எழுத இயலாது.

ஆடிட்டரிடம் போவதில் சுகம் இருக்கிறது. “நீங்க போங்கோ மாமா, நான் பாத்துக்கறேன்” என்ற ஒரு வாக்கியத்துக்கே ஃபீஸ் தகும். ஆனால் அந்தச் சுகத்தில் பூனைக் குட்டி பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு வருகிறது. பல பேருடைய கணக்கில் ஈமெயில் ஆடிட்டர் ஆபீஸுடையது, போன் நம்பர் அங்கே வேலை பார்க்கும் பையனுடையது. ரிட்டர்னில் குறை இருக்கிறது, பதினைந்து நாளில் சரிசெய் என்று தேவரீர் அனுப்பும் கடிதம் அந்தப் பையனுக்குப் போகிறது. பையன் ஆவணியில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான்.

இங்கேதான் எங்கள் சம்பிரதாயமும் தேவரீர் சட்டமும் பிரிகின்றன. எங்கள் சித்தாந்தத்தில், தாய்ப்பூனை தூக்கிவிட்டால் பாரம் தாயுடையது. தேவரீர் சட்டத்தில் தூக்குவது ஆடிட்டர், பாரம் குட்டியுடையது. ‘என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சரியானது’ என்று உறுதி சொல்கிறவர் வரி செலுத்துபவர்தான். வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்க் கணக்கு என்று ஆகிவிட்டால் 200 சதவீதம். “எனக்கு ஒண்ணும் தெரியாது, அவர்தான் போட்டார்” என்பது அங்கே எடுபடுவதில்லை.

அதிலும் சில பூனைகள் பூனைகளே அல்ல. “ரீஃபண்ட் வாங்கித் தரேன், வர்றதுல எனக்கு இத்தனை பங்கு” என்று கிளம்புகிற வகை. ஆடிட்டர் பட்டமும் இருக்காது, பலகையும் இருக்காது. கட்டாத வாடகை, கொடுக்காத அரசியல் நன்கொடை, எடுக்காத இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் எழுதி ரீஃபண்ட் வாங்கிவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று தேவரீர் இப்படிப்பட்டவர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டீர்கள். தமிழ்நாடும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய நாலு மாதத்திலேயே, தேவரீரின் எச்சரிக்கையைப் பார்த்து நாற்பதாயிரம் பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியதாகச் சொன்னீர்கள். வாபஸ் வாங்கினார்களே தவிர, தரகருக்குக் கொடுத்த கமிஷன் வாபஸ் வந்ததாகச் செய்தி இல்லை.

பூனையும் வேண்டாம், குரங்கும் வேண்டாம் என்று 2006-ல் தேவரீரே ஒரு நடுவழி போட்டீர்கள். டிஆர்பி என்று பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, குறைந்த கட்டணத்தில் ரிட்டர்ன் தயாரிக்கச் சொன்ன திட்டம். எங்கள் வீதியில் டிஆர்பி என்றால் டிவி சீரியல் சமாசாரம் என்றுதான் நினைக்கிறார்கள்.

வரி எங்களுக்குப் புதிது இல்லை. உறையூர் சோழர் தலைநகராக இருந்த மண் இது. சோழர் காலத்தில் வரிக்கணக்குப் பார்க்கப் புரவுவரித் திணைக்களம் என்று தனித் துறையே இருந்தது. ரங்கநாதர் கோயில் சுவர்களில் அறுநூறுக்கு மேல் கல்வெட்டுகள். வரி கிடையாது என்று முடிவானால் ‘இறையிலி’ என்று வெட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். வருஷா வருஷம் வந்து, “எனக்கு இந்த வருஷமும் இறையிலிதான்” என்று கோயில் சுவரில் வெட்டிவிட்டுப் போ என்று எந்தக் குலோத்துங்கனும் சொன்னதாகத் தெரியவில்லை.

வெளியூர் நிலவரமும் கேட்டுக்கொண்டேன். இங்கிலாந்தில் பெரும்பாலான சம்பளக்காரர்கள் ரிட்டர்னே போடுவதில்லை. சம்பளத்தில் பிடித்ததோடு கணக்கு முடிகிறது. ஸ்வீடனில் அரசே நிரப்பி அனுப்பும் படிவத்துக்குப் போனிலேயே சம்மதம் சொல்லிவிடலாம். தேவரீரிடமும் முன்நிரப்பிய படிவம் இருக்கிறது. நம்பிக்கைதான் பாக்கி.

ஆகவே அடியேனின் வேண்டுகோள்கள்:

1. ஏஐஎஸ் பார்த்துத் தேவரீரே போட்ட கணக்கில் வரி பூஜ்யம் என்றால், “இதைத் தவிர வேறு வருமானம் உண்டா?” என்று ஒரு கேள்வி அனுப்புங்கள். இல்லை என்றால் அதையே ரிட்டர்னாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. 75 வயதானவர்கள் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று 2021-ல் ஒரு சலுகை கொடுத்தீர்கள். பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வர வேண்டும் என்பது நிபந்தனை. பென்ஷன் ஒரு வங்கியில், டெபாசிட் இன்னொன்றில், மீதி தபால் ஆபீஸில் என்று பிரித்துப் போடுவதைத்தானே புத்திசாலித்தனம் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்? நிபந்தனையை நீக்கி, வயதை அறுபதாக்குங்கள்.

3. இனிஷியல் உள்ளவனும் இந்தியனே என்று கணினிக்குச் சொல்லுங்கள். நிதியமைச்சர் எங்கள் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். இனிஷியல் கஷ்டம் அவருக்குப் புரியும்.

4. ஜூலையில் வில்லியம்ஸ் ரோடு ஆபீஸில் தமிழ் பேசும் நாலு பேரை மேஜை போட்டு உட்கார வையுங்கள். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வாரம் அனுப்பினால் மண்டபத்துக்கும் காபிக்கும் நாங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அடியேன்,
ரிட்டர்னைத் தானே போடத் தீர்மானித்துவிட்ட பென்ஷன்தாரர்.

நகல்: அம்மா மண்டபம் படித்துறை நண்பர்களுக்கு. பென்ஷன், வட்டி மட்டும் உள்ளவர்கள் நீங்களே போடுங்கள், ஒரு மத்தியானம் போதும். வீடோ மனையோ விற்றவர்கள், ஷேர் வாங்கி விற்பவர்கள், வியாபாரம் செய்பவர்கள், வெளிநாட்டில் கணக்கு உள்ளவர்கள் பட்டம் பெற்ற ஆடிட்டரிடம் போங்கள், ஃபீஸுக்குப் பேரம் பேசாதீர்கள். யார் போட்டாலும் போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் ஒரு தரம் படித்துப் பாருங்கள். போட்ட 30 நாளுக்குள் வெரிஃபை செய்யுங்கள். வெரிஃபை செய்யாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான்.