பீட்டா புராணம்

ஆண்ட்ராய்டு 16 என்ற போன் இயங்குதளத்தின் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, 2025 ஜனவரியில் வந்தது. முழுமையான பதிப்பு வந்தது ஜூனில். இடைப்பட்ட மாதங்களில் ஊர் உலகமெல்லாம் பழைய ஆண்ட்ராய்டோடு காலம் தள்ளியபோது, எங்கள் பெங்களூர் ஜோகுபாளையத்துப் பிள்ளைகள் சிலர் எதிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கடைக்கு வராத மாத்திரையை முதல் ஆளாக விழுங்கிப் பார்க்கும் தீரம் எல்லோருக்கும் வாய்க்குமா? அந்தத் தீரத்தையும், அதைத் தூண்டிவிடும் பீட்டாவின் மகிமையையும் இதுவரை யாரும் பாடாதது பெருங்குறை.

முதலில் அதன் நிலைத்தன்மை. பீட்டா போட்ட போன், தான் நினைத்தபோது தூங்கித் தான் நினைத்தபோது எழும். யார் அவசரத்துக்கும் தன் ஒழுக்கத்தைக் குலைத்துக்கொள்ளாது. அல்சூர் மெட்ரோவில் அந்த ஒழுக்கத்தைக் கண்ணாரக் கண்டேன். 2022 நவம்பரிலிருந்து அங்கே போனில் க்யூ.ஆர். டிக்கெட் காட்டி நுழையலாம். காலை நெரிசலில் எங்கள் தெருத் தம்பி கதவருகே போனை நீட்டினார். திரை கறுத்தது. கம்பெனியின் சின்னம் நிதானமாக எழுந்தருளியது. அதன் கீழே ஒரு கோடு, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. பின்னால் நின்றவர் கன்னடத்தில் “பேக ஹோகி சார்” என்று அவசரப்படுத்தினார். “ஒரு நிமிஷம்ணா, புது வெர்ஷன்” என்று தம்பி பெருமிதத்தோடு விலகி வழிவிட்டு, கவுன்டரில் காசு கொடுத்து டோக்கன் வாங்கினார். பிளாஸ்டிக் டோக்கனுக்கு பேட்டரியும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம் என்ற ஞானம் அவருக்கு இலவசமாகக் கிடைத்தது.

வேகமும் சாமானியமல்ல. காலையில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்த்துவிடும் வேகம் வேறு எதற்கு உண்டு? காரணமும் உன்னதமானது. பீட்டா தன் ஒவ்வொரு அசைவையும் பின்னணியில் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கும். புதுப்பதிப்பு ஏறிய பிறகு எல்லா ஆப்களையும் மறுபடி பதப்படுத்தும். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் செப்பனிடல் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். இத்தனை உழைப்பில் போன் சூடாவது இயல்புதானே. பெங்களூர் டிசம்பர் குளிருக்கு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் ஸ்வெட்டர் செலவு மிச்சம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லி மாளாது. இயங்குதளம் முறைப்படி சான்று பெற்றதுதானா என்று பல வங்கி ஆப்கள் சோதித்துப் பார்க்கும். சந்தேகம் வந்தால் கதவைத் திறக்காது. திருடன் நுழைய முடியாத பெட்டகம் உலகில் பல உண்டு. சொந்தக்காரரே நுழைய முடியாத பெட்டகத்தைத் தந்தது பீட்டா ஒன்றுதான். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு சில்லறையையே மறந்துபோன நம் மக்கள், பீட்டாவின் புண்ணியத்தில் மறுபடி பர்ஸ் வைத்துக்கொள்ளப் பழகுகிறார்கள். இட்லிக் கடைக்காரர் “தம்பி, பொட்டி இன்னும் பேசலையே” என்று, பணம் வந்ததை அறிவிக்கும் ஸ்பீக்கரைக் காட்டும்போது, “நாளைக்குத் தரேண்ணா” என்று சொல்லும் பழைய உறவும் தழைக்கிறது. கடன் இல்லாமல் என்ன சிநேகம்?

தயாளத்தைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். ஆப்பிள் 2015-இலேயே பொதுமக்களுக்கு ஐபோன் பீட்டாவைத் திறந்துவிட்டது. அதற்கும் முந்திய, இன்னும் கரடுமுரடான டெவலப்பர் பீட்டாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2023-இல் அதையும் இலவசமாக்கிவிட்டார்கள். காசு கொடுத்து அவதிப்பட்ட காலம் மலையேறி, சும்மாவே அவதிப்படும் சமத்துவம் பிறந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்பது இந்த ஊரில் மாதச் சம்பளம் தரும் வேலை. எங்கள் தம்பியும் பகலில் அதே வேலையைச் சம்பளத்துக்குத்தான் செய்கிறார். இரவில் உலகின் பெரும்பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றுக்கு அதை இனாமாகச் செய்துகொடுக்கிறார். மகாதேவபுராவில் 2025 பிப்ரவரியில் ‘அனந்தா’ என்ற பிரமாண்ட வளாகத்தைத் திறந்த கூகுளுக்கு ஜோகுபாளையத்து ஏழையின் தர்மம் தேவைப்படுகிறது என்றால், அது நமக்குக் கௌரவம் இல்லையா? அவர் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும் குறைகளுக்குச் சில சமயம் பதிலும் வரும்: ‘எங்கள் சோதனையில் அப்படி நேரவில்லை.’ நேர்ந்தது அவருக்கு, நேராதது அவர்களுக்கு. இருவர் சொல்வதும் உண்மைதான்.

உள்ளே வர ஒரு பொத்தான் போதும். முழுப் பதிப்பு வரும்வரை பொறுக்காமல் வெளியே போக நினைத்தால், போனில் இருப்பது அனைத்தையும் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஐபோனில் பீட்டாவில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்றவும் முடியாது. பற்றற்றவனுக்கே விடுதலை என்று பெரியவர்கள் சொன்னதை இவ்வளவு கண்டிப்பாக நிறைவேற்றியவர் வேறு யார்?

பீட்டா முடிந்து அசல் வந்தபின் இந்த இன்பமெல்லாம் போய்விடுமே என்று வருந்த வேண்டாம். 2014 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 8.0.1 அசலாகவே வெளியாகி, ஐபோன் 6-களின் சிக்னலையும் கைரேகைப் பூட்டையும் சேர்த்து அணைத்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். 2023 அக்டோபரில் அசல் ஆண்ட்ராய்டு 14, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்த கூகுள் பிக்ஸல் போன்காரர்கள் சிலரைத் தங்கள் சேமிப்பையே தொட முடியாமல் செய்தது. பீட்டாவின் அருள் அசலுக்கும் பரவும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே வாசகரே, அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போனில் பீட்டாவைப் போட்டுப் பாருங்கள் என்று எவராவது சொன்னால், அந்தக் கோழையை நம்பாதீர்கள். சம்பளம் வந்து விழுவதும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும், அம்மாவின் போட்டோவும் எதில் இருக்கிறதோ, அந்த ஒரே போனில் போடுங்கள். பேக்கப் எடுக்காமல் போடுங்கள். நஷ்டம் எது வந்தாலும் பொறுப்பு தங்களுடையதல்ல என்று கம்பெனி முதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. நீங்களும் படிக்காமலே சம்மதம் கொடுத்துவிட்டீர்கள்.