முகூர்த்தம் இல்லாத நாட்கள்

மல்லேஸ்வரம் எட்டாவது மெயின் ரோட்டில் கனரா யூனியன் இருக்கிறது. மேற்குக் கடற்கரையின் கனரா வட்டாரத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தவர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட சங்கம். அதன் ஹாலில் கல்யாணம் நடக்கும், விழா நடக்கும், இரண்டும் இல்லாத நாட்களில் ஷட்டில் நடக்கும். 1960-களில் பக்கத்தில் குடியிருந்த ஒரு சிறுவன், பள்ளிக்கூடம் விட்டதும் ஹாலில் அன்றைக்கு விசேஷம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் ஓடிப்போய் ஆடுவான். பிரகாஷ் படுகோன் தன் இளமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். 2016-ல் அவர் மகள் தீபிகா ஒரு திரைப்பட விருது மேடையில் படித்த அப்பாவின் கடிதத்திலும் இந்தக் கல்யாண ஹால் வருகிறது.

எங்கள் குடும்பம் மல்லேஸ்வரத்துக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே தேசிய சாம்பியன். அப்பாவுக்கு டாடா இன்ஸ்டிடியூட்டில் வேலை. இந்திய அறிவியல் கழகத்தை இங்கே பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். மார்கோசா ரோட்டுக்கும் சம்பிகே ரோட்டுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெருவில் வாடகை வீடு. அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் பிரகாஷைப் பற்றி ஒரு கதை கிடைக்கும். எல்லாக் கதைகளும் 1971-லிருந்துதான் தொடங்கும். பதினாறு வயதில், ஒரே ஆண்டில், தேசிய ஜூனியர் பட்டத்தையும் சீனியர் பட்டத்தையும் அவர் ஜெயித்த ஆண்டு அது. அங்கிருந்து 1979 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசியப் பட்டம்.

எனக்கு அதற்கு முந்திய பாதிதான் பிடித்தது. 1962-ல் மாநில ஜூனியர் போட்டியில் முதன்முதலாக ஆடியபோது, ஏழு வயதுப் பையன், முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார். இரண்டு வருஷம் கழித்து அதே பட்டத்தை ஜெயித்தார். அவர் அப்பா ரமேஷ் படுகோன் மைசூர் பேட்மின்டன் சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் இருந்தவர்; விளையாட்டு வீட்டிலேயே இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் 1962-க்கும் 1971-க்கும் நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பையன் எப்படி வளர்ந்தான், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தோற்ற நாட்களில் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்விகள். அதிலிருந்துதான் ஜூனியர் ஆட்டக்காரர்களைப் பின்தொடரும் பழக்கம் வந்தது. இன்றுவரை விடவில்லை.

அந்தக் காலத்தில் பின்தொடர்வது என்றால் டெக்கான் ஹெரால்டின் விளையாட்டுப் பக்கத்தில் ஆகச் சிறிய எழுத்தில் வரும் முடிவுகளைத் தேடுவது. பெயர், எதிராளியின் பெயர், இரண்டு மூன்று எண்கள், அவ்வளவுதான். மாநில சப்-ஜூனியர் காலிறுதியில் பார்த்த பெயர் அடுத்த வருஷம் ஜூனியர் அரையிறுதியில் வந்தால் மனசு பொங்கும். மாநிலங்களுக்கிடையிலான ஜூனியர் பையன்களின் போட்டி நாரங் கோப்பை. அதற்கான கர்நாடக அணியில் யார் யார் என்று வெளிவரும் நாளில், என் கணக்குக்கும் தேர்வாளர்கள் கணக்குக்கும் எத்தனை பெயர் ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன்.

நேரில் போய்ப் பார்த்தால் அந்த எண்கள் சொல்லாத பலதும் தெரியும். அப்போது பதினைந்து பாயிண்ட் ஆட்டம். சர்வீஸ் கையில் இருப்பவனுக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்க, ஒரு பாயிண்ட்கூட ஏறாமல் நீண்ட நேரம் ஓடும். அந்த நேரத்தில்தான் பையனின் குணம் வெளியே வரும். ஷாட் அடித்த பிறகு கோர்ட்டின் நடுவுக்குத் திரும்புகிறானா, பேக்ஹேண்ட் மூலையில் தள்ளப்பட்டபோது அவசரப்படுகிறானா, தோளால் அடிக்கிறானா மணிக்கட்டால் அடிக்கிறானா என்று கவனிப்பேன். ஸ்மாஷ் எல்லோருக்கும் கைதட்டல் வாங்கித்தரும். பதின்மூன்று வயதில் பலமாக அடிப்பவன் பெரும்பாலும் மற்றவர்களைவிட முன்னாலேயே வளர்ந்துவிட்டவன், அவ்வளவே. இரண்டு வருஷத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். வலைக்கு அருகில் கை மெதுவாகப் போகிற பையனைத்தான் நான் குறித்துவைத்துக்கொள்வேன். 2006-ல் இருபத்தொரு பாயிண்ட் முறை வந்து, ஒவ்வொரு ரேலிக்கும் பாயிண்ட் என்றான பிறகும் நான் பார்ப்பது அதையேதான்.

1980 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று பிரகாஷ் ஜெயித்தார். மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் சாக்பீஸால் கோர்ட் வரையாத தெரு இல்லை என்று ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் எத்தனையோ பிள்ளைகள் பேட்டும் கையுமாகக் கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பையனை நான் விடாமல் கவனித்தேன். வலைக்கு அருகே அப்படி ஒரு நிதானம். மாநில அளவில் பேர் வந்தது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. "முதல்ல மார்க்கு வரட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவன் அப்பா சொன்னதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; மாதச் சம்பளக் குடும்பம், மூன்று பிள்ளைகள். அந்த அப்புறம் வரவேயில்லை. பெண் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே நின்றுபோனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைய மல்லேஸ்வரத்தை மஞ்சள் வெயிலில் காட்டி ஏக்கமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். முகூர்த்த நாள் இல்லையென்றால்தான் ஒரு ஆல் இங்கிலாந்து சாம்பியனுக்கே ஆட இடம் கிடைத்தது என்றால், அவரளவுக்கு வாய்ப்போ வீட்டின் துணையோ இல்லாத எத்தனை பேர் அந்த வாசலோடு திரும்பியிருப்பார்கள்!

இதை மாற்றியவரும் அவர்தான். 1994-ல் விமல் குமார், விவேக் குமார் இருவரோடும் சேர்ந்து பெங்களூரில் பிரகாஷ் படுகோன் பேட்மின்டன் அகாடமியைத் தொடங்கினார். மும்பையிலிருந்து அபர்ணா போபட் வந்தார். 1996-ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி, பிறகு தொடர்ந்து ஒன்பது தேசியப் பட்டங்கள். கோபிசந்தும் இங்கே பயிற்சி பெற்றவர்; 2001-ல் ஆல் இங்கிலாந்தை ஜெயித்தார். உத்தராகண்டின் அல்மோராவிலிருந்து பத்து வயது வாக்கில் லக்ஷ்யா சென் வந்து சேர்ந்தான். இப்போது அந்த அகாடமி நகரின் வடக்கே படுகோன்-திராவிட் விளையாட்டு மையத்தில் இருக்கிறது. கல்யாண தேதிகளைப் பார்த்துத் தன் பயிற்சி நாளைத் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் அங்கே எந்தக் குழந்தைக்கும் இல்லை. எனக்கு இதில் வரும் சந்தோஷத்துக்கு அளவே கிடையாது.

இன்றைக்கு பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும் தகரக் கூரை போட்ட கோர்ட்டுகள். விடியற்காலையிலேயே வாசலில் வண்டிகள் நிற்கின்றன. தூக்கம் கலையாத பிள்ளைகள் முதுகில் பெரிய பையோடு இறங்குகிறார்கள். பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். அதைப் பார்க்கவே நான் சில காலைகளில் போவதுண்டு. உடற்பயிற்சிக்குத் தனி ஆள், காயத்துக்கு பிசியோ, ஆட்டத்தை அலசுவதற்கு வீடியோ என்று எல்லாம் வந்துவிட்டது. பெற்றோர் கையிலிருக்கும் போனில் 13 வயதுக்குட்பட்டோர், 15, 17, 19 என்று ஒவ்வொரு பிரிவின் ரேங்கிங்கும் இருக்கிறது. நான் பத்திரிகையில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதெல்லாம் இப்போது விரல் நுனியில்.

ஒருநாள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பொண்ணு நல்லா ஆடறா சார். நெட்ல கை ரொம்ப அழகு."

"எங்க சார், போன மாசம் ரெண்டு டோர்னமென்ட்லயும் ஃபர்ஸ்ட் ரவுண்டு. வேற அகாடமிக்கு மாத்திடலாம்னு இருக்கோம்."

"என்ன வயசு சார்?"

"பதினொண்ணு முடியப்போகுது. இன்னும் ரேங்கிங் வரலைன்னா எப்படி?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தில் பெரிய பங்கை இறகு ஷட்டிலிலும் ஃபீஸிலும் டிக்கெட்டிலும் கொட்டுகிறவர். கொட்டியதற்குச் சீக்கிரம் ஏதாவது தெரிய வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு. ஆனால் பதினொரு வயதுக்கு ரேங்கிங் கேட்பதன் விளைவு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்கள் இந்திய ஜூனியர் பேட்மின்டனில் பல வருஷமாக இருக்கும் நோய். அதன் வேர் இந்த அவசரத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதினைந்து வயதுக்காரன் பதின்மூன்று வயதுப் பிரிவில் கோப்பை வாங்கும்போது, நேர்மையாக வயதைச் சொன்ன குழந்தை முதல் சுற்றில் அழுதுகொண்டே வெளியே வருகிறது.

ஆட்டக்காரர் எப்போது பூப்பார் என்று யாருக்குத் தெரியும்? பெங்களூரின் அனுப் ஸ்ரீதர் 2007 உலகப் போட்டியில் ஒலிம்பிக் சாம்பியன் தவுபிக் ஹிதாயத்தைச் சாய்த்தார். அதே ஊரின் அரவிந்த் பட் ஜெர்மன் ஓபனை ஜெயித்தது 2014-ல், முப்பத்து நான்காவது வயதில். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. எத்தனை வருஷம் அந்த மனிதரின் பெயரை முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் படித்திருப்பேன்! லக்ஷ்யாவின் கதை வேறு வேகம்: 2018-ல் ஆசிய ஜூனியர் பட்டம் ஜெயித்தபோது, 1965-ல் கவுதம் தக்கருக்குப் பிறகு அதை எட்டிய முதல் இந்திய ஆண் அவர். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற தாய்லாந்தின் குன்லாவுட், 2023-ல் உலக சாம்பியன் ஆனார். லக்ஷ்யா 2022-ல் ஆல் இங்கிலாந்து இறுதி வரை போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். இரண்டு பையன்களும் ஒரே வயது வட்டம், ஒரே அளவு திறமை. யார் எந்த ஆண்டில் எங்கே நிற்பார் என்று 2018-ல் யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம்.

நான் இன்று அதிகம் கவலைப்படுவது பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் இருக்கும் வருஷங்களைப் பற்றி. ஜூனியர் வயது முடிந்தவுடன் உலக பேட்மின்டனில் ஒரு நீண்ட ஏணி இருக்கிறது: ஃபியூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச், அதன்பின் சூப்பர் 100, 300 என்று 1000 வரை. ஒவ்வொரு படியிலும் பாயிண்ட் சேர்த்தால்தான் அடுத்த படியில் இடம். இந்தச் சின்னப் போட்டிகள் உலகின் மூலை முடுக்கெல்லாம் நடக்கின்றன. விமான டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் குடும்பத்தின் செலவு. சேலஞ்ச் போட்டியின் முதல் சுற்றில் தோற்றால் பரிசுப் பணமும் கிடையாது. ஜூனியரில் நான் குறித்துவைத்த பெயர்களில் அதிகம் மறைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். காயத்தாலும் திறமைக் குறைவாலும் போனவர்களைவிடப் பணத்தால் போனவர்கள் அதிகம் என்பது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது.

அமெரிக்காவின் பேஸ்பாலில் இதே போன்ற ஏணி உண்டு. சிங்கிள்-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று. ஒரு பெரிய அணி ஒரு பையனை எடுத்துக்கொண்டால், அவன் அந்தப் படிகளில் ஏறும் காலம் முழுக்க அணி சம்பளம் கொடுக்கும். நெடுங்காலம் அது அரைவயிற்றுச் சம்பளமாகவே இருந்தது. 2022-லிருந்து தங்க இடமும் கொடுக்கிறார்கள். 2023-ல் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தையும் உயர்த்திக்கொண்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்ததைப் பலர் ஒரு படத்தின் மூலம் அறிவார்கள். தினேஷ் 2010-ல் திரும்பிவிட்டார். ரிங்கு சிங்கிள்-ஏ வரை போனார், பிறகு காயம். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. ஆனால் பேஸ்பால் பந்தையே அதுவரை தொடாத பையன்களுக்கு, முயன்று பார்க்க வருஷங்களை ஒரு அணி கொடுத்தது; அந்தச் செலவு அவர்கள் வீட்டுத் தலையில் விழவில்லை.

இங்கே அந்த வேலையை ஒரு காலத்தில் வங்கிகளும் ரயில்வேயும் எண்ணெய் நிறுவனங்களும் ஓரளவுக்குச் செய்தன. பிரகாஷே யூனியன் வங்கியில் இருந்தவர். வேலை கிடைத்தது, ஆட லீவும் கிடைத்தது. அந்த இடங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. இருப்பவையும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கே போகின்றன.

சென்னையின் சங்கர் முத்துசாமியை 2022-ல் சாண்டாண்டரில் உலக ஜூனியர் வெள்ளி வாங்கியதிலிருந்து கவனித்து வருகிறேன். இடது கைக்காரர். அடிப்பதைவிட எடுப்பதில் கெட்டிக்காரர். எதிராளி மூன்று முறை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ரேலியை நான்காவது முறையும் திருப்பி அனுப்புவார். அடுத்த இரண்டு வருஷம் செய்தியில் அவரைத் தேட வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஸ்விஸ் ஓபனில் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சனை, முதல் கேமை இழந்த பிறகு, 18-21, 21-12, 21-5 என்று சாய்த்தார். கடைசி கேமின் அந்த ஐந்தைப் பாருங்கள். உலகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரைக் களைத்துப்போக வைத்த எண் அது. நடுவில் கழிந்த இரண்டு வருஷத்தில் அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், கோர்ட் இருந்தது, தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். அதே வயதில், அதே அளவு கையோடு, அதெல்லாம் இல்லாமல் நின்றுபோன பையன்களையும் எனக்குத் தெரியும்.

கனரா யூனியனிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் எத்தனையோ பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாநில அணியிலிருந்து ஜூனியர் வயதைக் கடந்த ஒரே ஒருவரை, ரேங்கிங் கேட்காமல், மூன்று வருஷத்துக்குச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளட்டும். பையன் ஒருவன் என்றால் பெண் ஒருத்தியையும். முதல் வருஷம் முழுக்க முதல் சுற்றில் தோற்றாலும் இரண்டாம் வருஷத்து டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கட்டும். யாரை எடுக்கலாம் என்று கேட்டால் என்னிடம் பெயர்கள் தயாராக இருக்கின்றன.