வண்டிக்கும் சாரல் குளியலா?

கேள்வி: சீசன் களைகட்டிவிட்டது. என் பிக்கப்பைக் குற்றால அருவிக்கரையில் கழுவி, ஏர் ஹாரன், அகல டயர், கலர் லைட் எல்லாம் மாட்டலாமா? – ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: அருவியில் மனிதர்களே எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடக்கூடாது, கிரீஸ் பூசிய உங்கள் செல்லத்துக்கு மட்டும் என்ன சலுகை? வாட்டர் வாஷ் கடைக்கு விடுங்கள். மேல் பளபளப்பைவிட அடிப்பக்கம் முக்கியம். சாரல் காலத்துச் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் ஒளிந்து ஈரத்தைக் காக்கும். துரு அங்கேதான் குடியேறும். “அடியில டீசல் ஸ்பிரே அடிச்சிருவமா அண்ணாச்சி?” என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள், ரப்பர் புஷ் ஊறி உப்பிவிடும். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறிச் சருகு அடைத்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள்.

அலங்காரமா? ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. புளியரை தாண்டினால் கேரள அதிகாரிகள் இன்னும் கண்டிப்பு. உங்கள் ஏர் ஹாரன் முதலில் எட்டுவது அவர்கள் காதுக்குத்தான். நல்ல தார்ப்பாய், புது சீட் கவர், முன்கண்ணாடியில் ‘குற்றாலநாதர் துணை’ போதும். மலைப்பாதை இறக்கத்தில் மட்டும் அவரோடு செகண்ட் கியரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.