கடைசிப் பக்கத்தில் சுபம்

லண்டன் மார்ச்மான்ட் தெருவில் 1979 முதல் இருக்கிறது 'கேஸ் தி வேர்ட்' என்ற தன்பாலீர்ப்பாளர் புத்தகக் கடை. அங்கே அம்மணி நாவல் தேர்ந்தெடுக்கும் முறை எளிது. அட்டையைப் பார்க்க மாட்டார், நேரே கடைசிப் பக்கம்தான். காதலன்கள் இருவரும் ஒரே அடுக்களையில் நின்று யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டால் நாவல் துணிப்பைக்குள் போகும். ஒருவன் மட்டும் கல்லறைப் பக்கம் நின்றால், வந்த அலமாரிக்கே திரும்பிவிடும்.

அம்மணிக்குப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தார் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வயது ஐம்பதுக்கு மேல், பையில் எப்போதும் மூன்று நாவல், மூன்றிலும் காதலிப்பவர்கள் ஆண்கள். "ஆண்கள் இருவர் காதலிப்பதில் உங்களுக்கு என்ன அக்கறை?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். "கொலைக்கதை படிக்கிறவரிடம், யாரைக் கொன்றீர்கள் என்றா கேட்பீர்கள்?" என்றார் அம்மணி.

1984இல் சுங்க அதிகாரிகள் இதே கடையில் சோதனை போட்டு, டென்னஸி வில்லியம்ஸ், கோர் விடால் எழுதியவை உட்பட ஏராளமான புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1986இல் வழக்கைக் கைவிட்டார்கள். அம்மணிக்கு அந்த அதிகாரிகள்மேல் தீராத கோபம். ஆனாலும், "அந்த மூட்டையில் அழவைக்கிற கதைகள்தான் அதிகம் இருந்திருக்கும்" என்று ஒரு சமாதானமும் உண்டு.

அம்மணியின் ஆதி குரு ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். 1913இல் ஃபார்ஸ்டர், எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டரைப் பார்க்க மில்தார்ப் கிராமத்துக்குப் போனார். (கார்பென்டர் நமக்கும் வேண்டியவர்தான், இலங்கையின் பொன்னம்பலம் அருணாசலத்துக்குக் கேம்பிரிட்ஜ் நாள் நண்பர்.) அங்கே கார்பென்டரின் துணைவர் ஜார்ஜ் மெரில், விருந்தாளியின் இடுப்புக்குக் கீழே லேசாக ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டில் பிறந்ததுதான் 'மாரிஸ்' நாவல் என்று ஃபார்ஸ்டரே எழுதி வைத்திருக்கிறார். முடிவு சுபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சிறைக்கோ சாவுக்கோ காதலர்களை அனுப்பியிருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும். சேர்த்து வைத்ததால், அவர் 1970இல் இறந்த பிறகு, 1971இல்தான் அச்சேறியது. "சுபம் போட்டதற்காக அந்த மனுஷர் சாகும்வரை காத்திருந்தார். இப்போது எழுதுகிறவர்களுக்கு என்ன கேடு?" என்பார் அம்மணி. இந்த இடத்தில் அவரை எதிர்த்துப் பேச எனக்கும் வாய் வராது.

சுபமில்லாத முடிவுக்கு உதாரணம் 'ப்ரோக்பேக் மவுன்டன்', 1997இல் 'நியூயார்க்கர்' இதழில் வந்த கதை. வாசகர்கள் முடிவை மாற்றி எழுதி அனுப்பிக்கொண்டே இருந்ததில் நொந்துபோன அதன் ஆசிரியர் ஆனி ப்ரூ, இதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று 2009 பேட்டி ஒன்றில் சலித்துக்கொண்டார். அந்தத் தபால் கட்டில் அம்மணியின் கையெழுத்தும் இருக்கும் என்று சந்தேகம். கேட்டால் தேநீர் போட எழுந்துவிடுகிறார்.

இந்த நாவல்கள்மேல் அம்மணிக்குச் சில்லறைக் குறைகள் வேறு. எந்த ஊர் விடுதிக்குப் போனாலும் காதலன்களுக்கு ஒரே கட்டில்தான் காலியாக இருக்குமாம்! முக்கியமான கட்டத்தில் இரண்டு பேரும் 'அவன்' ஆகிவிடுவதால், எழுத்தாளர்கள் திடீரென்று "உயரமானவன்", "பச்சைக் கண்ணன்" என்று அடையாளம் சொல்லத் தொடங்குவார்களாம். நியாயமான புகார். "அவன் அவன் கையைப் பிடித்தான்" என்றால் தமிழிலும் யார் கை என்று விரலைவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

இவ்வளவு கறாரானவர் வீட்டில் மேடலைன் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' இருக்கிறது. 2012இல் ஆரஞ்சுப் பரிசு வாங்கிய நாவல். முடிவு சோகம் என்பது ஹோமர் காலத்திலேயே ஊருக்கெல்லாம் தெரியும். அம்மணி நான்கு முறை படித்திருக்கிறார். காதலன் பட்ரோக்லஸ், அக்கிலீஸின் கவசத்தை எடுத்து மாட்டப்போகும் பக்கத்தில் பழைய ரயில் டிக்கெட் ஒன்று செருகியிருக்கிறது. அதற்கு முந்தைய தாள்கள் கசங்கிப் பழுத்திருக்கின்றன. அப்புறம் உள்ளவை புத்தம் புதிது.