கண்ணாடி அலமாரிப் பூட்டு

ஜாவாவில் மாற்ற முடியாத மேப் ஒன்று வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஒரு சடங்கே நடக்கும். முதலில் ஹேஷ்மேப். அதில் புட், புட், புட். கடைசியில் அன்மாடிஃபையபிள்மேப் என்ற உறையை மாட்டிவிட்டு, இனி யாரும் கை வைக்க முடியாது என்று டீ குடிக்கப் போவோம். அந்த உறை கண்ணாடி அலமாரி மாதிரி. முன்பக்கம் மட்டும்தான் பூட்டு. பழைய ஹேஷ்மேப்பைப் பிடித்திருப்பவர் பின்பக்கமாகக் கைவிட்டு, உள்ளே இருக்கும் இட்லி விலையை 10-லிருந்து 40 ஆக்கலாம். கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு 40தான் தெரியும்.

2017-ல் ஜாவா 9-உடன் மேப்.ஆஃப் வந்தது. ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் பந்தியில் பத்து சாவி-மதிப்பு ஜோடிக்குத்தான் இலை. பதினோராவது ஜோடி மேப்.ஆஃப்என்ட்ரீஸ் என்ற அடுத்த பந்திக்குப் போக வேண்டும். அங்கும் இங்கும் 'நல்' வந்தால் உள்ளே விடமாட்டார்கள். (பெயரில் மட்டும்தான் நல், நடத்தையில் பொல்லாதது.) "நல் இருக்கிறதா?" என்று கேட்டாலே எக்ஸெப்ஷன்தான்.

இதைவிட வேடிக்கை, மாற்ற முடியாத இந்த மேப்பிலும் புட் இருக்கிறது. கம்பைலர் வாயே திறக்காது. ஓட்டினால்தான், "அந்த வசதி இங்கே இல்லை" என்று முகத்தில் அடிக்கும். கதவை வைத்துவிட்டு, திறப்பவனுக்கு ஷாக் கொடுக்கிற வீடு!

இத்தனை காவலுக்கும் நடுவே, மதிப்பாக ஓர் அர்ரேலிஸ்டை வைத்துப் பாருங்கள். அதற்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். மேப் கண்டுகொள்ளாது.