அன்று வராத மருந்து, இன்று முந்தும் மருந்து

நான் பிறந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அப்போது அது ராமநாதபுரம் மாவட்டம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வேப்பிலை, அடுத்தது திருமேனிநாதர் கோயில் திருநீறு, அதற்கும் அடங்காவிட்டால் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர். மூச்சு இழுத்தால் வயிற்றில் சூடு போடுவார்கள். அந்தத் தழும்போடு என் வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் மாட்டு வண்டி பூட்டுவார்கள். அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தால் கம்பவுண்டர் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து பென்சிலின் போடுவார். அங்கே முடியாதென்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. அது இன்னும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

என் கடைசித் தம்பி அந்த ரோட்டில்தான் போய்விட்டான். கைப்பிள்ளை. நெஞ்சு குழிவிழக் குழிவிழ அவன் மூச்சு வாங்கியதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது நிமோனியா என்பது நர்சிங் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலத்தில் கிடைத்த பென்சிலின் அவனைப் பிழைக்க வைத்திருக்கக்கூடும்.

எண்பதுகளில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். 1992-ல் குழந்தைகளின் உயிர்காப்புக்கும் பாதுகாப்பான தாய்மைக்குமாக மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் பயிற்சியில் கற்றதுதான் மூச்சை எண்ணும் பாடம். பையில் வினாடி முள் உள்ள கடிகாரமும், குழந்தைகளுக்கான கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் இருக்கும். பிள்ளை அழாமல் தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், மாத்திரையோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பச்சைப்பிள்ளைக்கு இன்னும் கவனம். அதற்குக் காய்ச்சல் அடிக்காமல் உடம்பு சில்லிட்டும் போகலாம்.

ஸ்டெதாஸ்கோப், எக்ஸ்ரே எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடம் போகாத தாய்க்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய வைத்தியம் இது. இதைவிடப் பெரியதை என் வேலைக் காலத்தில் நான் பார்க்கவில்லை.

அந்தப் பாடத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. எண்ணிக்கை குறைவாக இருந்து வேறு ஆபத்தும் தெரியாவிட்டால் மாத்திரை தரக் கூடாது. வெறும் இருமலும் சளியும் பெரும்பாலும் வைரஸ். அதற்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. தாய்மார்களிடம் இதைச் சொல்வதுதான் சிரமம்.

“என்ன நர்சம்மா, மாத்திர குடுக்காமப் போறிய. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“மூச்சு சரியா இருக்கு தாயி. பால் குடு, கதகதப்பா வச்சுக்க. வேகமா மூச்சு வாங்குனா ராத்திரின்னு பாக்காம என் வீட்டுக் கதவத் தட்டு.”

தட்டினார்கள். எத்தனையோ ராத்திரி தட்டினார்கள்.

1999-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வேலூர் சி.எம்.சி. உட்பட நாட்டின் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்ற சந்தேகத்தில் வந்தவர்களின் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த ஆய்வு. நிமோனியா தரும் நியுமோகாக்கஸ் கிருமிகள் கிடைத்தன. அவற்றில் பாதிக்கு மேல் கோட்ரைமாக்சசோலுக்கு அடங்கவில்லை. பழைய பென்சிலினுக்கு அப்போது பெரும்பாலும் அடங்கின. அடங்காமல் போன அந்தக் கோட்ரைமாக்சசோல்தான் நான் பையில் சுமந்த மாத்திரை. பிற்பாடு நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் வந்தது. இதற்கும் முன்பே, 1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு கிருமி குளோராம்பெனிகாலுக்கு அடங்காமல் போயிருந்தது. 1945-ல் நோபல் உரையிலேயே, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் எச்சரித்திருந்தார், அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று.

இன்று ஊர் மாறியிருக்கிறது. அதை மனமாரச் சொல்ல வேண்டும். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. நிமோனியா தரும் இன்னொரு கிருமியான ஹிப்புக்கான தடுப்பு சேர்ந்த ஐந்து நோய் ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் வந்தது. 2021-ல் நியுமோகாக்கஸ் தடுப்பூசியும் அரசுப் பட்டியலில் சேர்ந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. என் தம்பிக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் மூச்சை எண்ணுவது நின்றுபோய்விட்டது. போன வருஷம் பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல்.

“மூத்தவனுக்கு வாங்குன மருந்து பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு அத்தை. அதத்தான் குடுத்தேன். நேத்து டவுன்ல ஊசியும் போட்டாச்சு. கேக்கல.”

அவள் சொன்ன மருந்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிற பொடி மருந்து. கரைத்த பிறகு ஏழெட்டு நாளில் வீரியம் போய்விடும். மூத்தவன் எடைக்குப் போட்ட அளவு வேறு, இவன் எடை வேறு. டவுன் கிளினிக்கில் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்க்கவே இல்லை என்றாள். நான் எண்ணினேன். 50-க்கு மேல் போனது, பிள்ளைக்கு ஒன்றரை வயது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டான்.

அங்கே ரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பினார்கள். ஒன்றும் வளரவில்லை. கிருமி இல்லாததாலா, ஏற்கெனவே உள்ளே போன மருந்து அதை வளரவிடாமல் செய்ததாலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. திருடன் கால்தடத்தின் மேல் ஆட்டுக்கிடை ஓட்டிப்போன மாதிரிதான். கிருமி எதுவென்று தெரியாவிட்டால் எந்த மருந்தில் நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாது. அதனால் கனமான மருந்தை இன்னும் சில நாள் ஓட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னே நடந்ததன் கணக்கை அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

முறை இதுதான். கிருமிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளையிடமும் ஒன்றிரண்டு மில்லி வேண்டும், ஒரு சொட்டில் கிருமி சிக்காது. பிள்ளை கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து கிடந்தால் எதற்காகவும் மருந்தைத் தாமதிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏற வேண்டும். அப்படி இல்லாத பிள்ளைக்கு ரத்தம் எடுத்து, பரிசோதித்து, யோசிக்க நேரம் உண்டு. மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் டாக்டர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். கிருமி வளர்ந்திருந்தால் அதற்கு ஏற்ற மருந்துக்கு மாற்ற வேண்டும். வளரவில்லை, பிள்ளையும் தேறிவிட்டது, வேறு காரணமும் இல்லை என்றால் நிறுத்த வேண்டும். இந்த இரண்டாம் நாள் முடிவுதான் அதிகம் தவறிப்போகிறது. தொடங்க எல்லோருக்கும் தைரியம் இருக்கிறது, நிறுத்தச் சிலருக்குத்தான் வருகிறது.

சட்டமும் இருக்கிறது. 2014 மார்ச் முதல், செஃபிக்ஸைம் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்துக்கடையில் நிற்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்கும் மறுக்கத் தெம்பு வரும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி மாதிரி ஊர்களிலேயே பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்து விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப நிரந்தர ஏற்பாடு வேண்டும். வளர்ப்புக் குப்பிக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை, அறைச் சூட்டில்தான் போக வேண்டும். தினம் ஒரு வண்டியும், போனில் முடிவு சொல்ல ஓர் ஆளும் இருந்தால் போதும்.

தாய்மார்களே, பிள்ளைக்கு என்ன எடை, என்ன மருந்து, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மிச்ச பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். ரத்தம் எடுத்தால் இரண்டாம் நாள் முடிவைக் கேளுங்கள். இன்று ராத்திரி பிள்ளை தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். உங்கள் போனிலேயே வினாடி ஓடுகிறது.